ஆறடி

வாங்கிவந்தபோது விரல் நீளம்தான்.
ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை.
ஒற்றை அயிரை, ஒரு வாரமாய்
வடிகட்டிக்குப் பின்னே ஒருக்களித்துக் கிடக்கிறது.
செத்துவிட்டதென்று இருமுறை
கரண்டியோடு போனான் வோபே.

"ஒன்றை மட்டும் விற்றது என் தப்பு"
என்றாள் கடைக்காரி ஹில்ட்யே.
"ஆறாவது வேண்டும்.
ஒவ்வொன்றும் சாணுக்கு மேல் வளரும், அதுவும் சீக்கிரமே.
தொட்டி ஆறடி. குறைத்தால்
சூப்புக் கிண்ணத்திலேயே வளர்த்துக்கொள்."

க்ரோனிங்கன் வீடு. ஏணிபோல் படிக்கட்டு.
சுவரோரம் ஓடிய அளவுநாடா
கட்டிலில் முட்டி நின்றது.
இருவர் படுக்கும் கட்டில்.
ஒரு பக்கத்து விரிப்பு
நான்கு வருடமாய்க் கசங்கவேயில்லை.

சனிக்கிழமை
கூரைமுகட்டுக் கொக்கியில் கயிறு மாட்டி
கட்டிலை ஜன்னல் வழியே இறக்கினார்கள்.
அதே கயிற்றில் தொட்டி ஏறியது
கால்வாய்க்கு மேலே, காலியாக,
கொஞ்சம் மேகத்தோடு.

இப்போது தரையில் மெத்தை.
விளக்கணைத்தால்
மணலுக்கு அருகே 'டிக்' என்றொரு சத்தம்.
பதிலுக்கு இன்னொரு 'டிக்'.

எழுந்துபோய் டார்ச் அடித்து எண்ணுகிறான்.
ஐந்துதான்.
மறுபடி எண்ணுகிறான்.

ஆறாவது
இன்னொன்றின் முதுகில் சாய்ந்து
ஒருக்களித்துக் கிடக்கிறது.
இம்முறை கரண்டி எடுக்கவில்லை.