காரணம் என்ற கட்டம்

சாந்தியாகோவிலிருந்து ஆக்லாந்துக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
இறங்கிக் கால் நீட்ட
வழியில் ஒரு திட்டுகூடக் கிடையாது.

தட்டைப் படத்தில் கோடு தெற்கே தொய்ந்து தொங்கும்,
ஈரத்துணி தாங்காத கொடிக்கயிறுபோல.
புதிதாய் வேலைக்கு வந்தவர்கள் கேட்பார்கள்:
நேராகப் போனால் என்ன?
ரோசால்பா இனோஸ்த்ரோசா
மேசையில் கிடக்கும் ஆரஞ்சுக்கு
ரப்பர் வளையம் மாட்டிக் காட்டுவாள்.
உருண்டையில் வளைவுதான் குறுக்குவழி.

அனீபால் பேசுவதும் அப்படித்தான்.
மூன்று வருடமாய் வைக்காட்டோவில் பால் கறக்கிறான்.
எழுநூறு பசு, ஓயாத மழை,
சாணிக் குட்டையில் சிக்கிய டிராக்டர்,
எல்லாம் சுற்றி வந்து கடைசியில்,
"சின்னவள் எப்படி?"
அவளும் பசுக்களைப் பற்றியே
இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

போக பன்னிரண்டே முக்கால் மணி.
வரப் பதினொன்று.
தூரம் அதேதான்; காற்று யார் பக்கம் என்பதே பேச்சு.
அங்கே மாலை ஆறுக்கு ஏறியவன்
இங்கே அதே நாள் மதியம் ஒன்றுக்கு இறங்கிவிடலாம்,
கிளம்பும் முன்பே வந்துவிட்டவனாய்.
அந்த ஐந்து மணி லாபத்தை
அனீபால் ஒருமுறைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று ஜனவரி பதினான்கு பிறந்து ஐம்பதாவது நிமிடத்தில் விமானம்.
அவள் தாளுக்குப் பெயர்கள் வராது.
இருநூற்று எழுபத்தோரு பேர்; தலைக்குச் சராசரி எடை.
அதில் ஒரு சராசரி, மாயென்:
பல்லில் கம்பி, தோளில் பக்கத்து வீட்டுக்காரியின் கோட்டு,
பதினெட்டு முடிவது இன்றைக்குத்தான்.
இறங்கும்போது அங்கே பதினைந்து விடிந்திருக்கும்.
பிறந்தநாளில் தரை கிடைப்பது ஐம்பது நிமிடம்,
அதிலும் பாதி இருக்கை வாருக்குள்.

கட்டிக்கொண்டபோது கேட்டாள்,
"எவ்வளவு நேரம் ஆகும்மா?"
இவளுக்கா தெரியாது!
"காற்றைப் பொறுத்து."

காற்று கணித்தபடியே. வானம் சுத்தம்.
ரோசால்பா ஆயிரம் கிலோ எரிபொருள் கூட்டினாள்.
திரை விடவில்லை.
காரணம் என்ற கட்டம் சிமிட்டிக்கொண்டே இருந்தது.
பட்டியலில் இருந்த ஏழு சொல்லும் பொருந்தவில்லை.
எதிர்க்காற்று என்று தட்டினாள்.
கேப்டன் போனில் வந்தார்:
"எந்தக் காற்று? எனக்கு ஒன்றும் காணோமே."
"எனக்குத் தெரியுது."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
பிறகு கையெழுத்து.

பன்னிரண்டு மணி நாற்பத்தோரு நிமிடம்.
அங்கே பதினைந்து, காலை ஐந்து முப்பத்தொன்று.
இங்கே இன்னும் பதினான்குதான்; ஜன்னலில் மதிய வெயில்.
பிறந்தநாளில் பாதிக்குமேல்
அவள் கையிலேயே மிஞ்சியிருந்தது.

எரிபொருள் கணக்கும் வந்தது.
கூடுதலாய்ப் போட்ட ஆயிரத்தில்
முந்நூற்றைம்பது
தன்னைத் தானே சுமப்பதற்கே எரிந்திருந்தது.
மீதி அறுநூற்றைம்பது
யாருக்கும் தேவைப்படாமல்
பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருந்தது.