பன்னண்டு ஏழு

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை, எடைமேடை அறை.
பிரவுசர் சொல்கிறது: உள்ளே வந்துவிட்டீர்கள்,
இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.
இன்ஸ்டாலர் சொல்கிறது:
நீங்கள் வருவதற்காகக் காத்திருக்கிறேன்.
ஒரே அடுப்படியில்
பேச்சை நிறுத்திக்கொண்ட ஓரகத்திகள்.

குக்கீயை அழித்தேன். ஆன்டிவைரஸை அணைத்தேன்.
பாஸ்வேர்டு நாலு தடவை.
வெளியே ஒரு லாரி பெங்களூரா
சீட்டுக்கு நிற்கிறது,
யார் அனுமதியும் கேட்காமல்
பழுத்துக்கொண்டே.

திம்மராயன் சன்னலில் தலை நீட்டினார்.
"இப்ப பன்னண்டரை ஆச்சே,
உங்க பொட்டில மட்டும் ஏன் பன்னண்டு ஏழு?"

அட.
அங்கிருந்து வந்த அனுமதி
என் மேசையில்
இன்னும் பிறக்கவே இல்லை.

மணியைத் திருத்தினேன். நீலப்பட்டை ஓடி முடிந்தது.
பட்டன் பேட்டரி செத்திருக்கும், நாளைக்கு வாங்கணும்.

சீட்டு அச்சாகி வந்ததும்
எடையைப் பார்க்கவில்லை திம்மராயன்,
மணியைப் பார்த்தார்.