எண் ஒன்பது

ஓய்வூதியக் கோப்புக்கு
விளையாட்டுச் சான்றிதழ் கேட்டார்கள்.
பச்சை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து
அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது இந்தத் தாள்.
வேலூர் கோட்டை மைதானம், மண்டல இறுதி,
எண்பத்து நாலு பிப்ரவரி.
பதினாறு பேர். கார்பன் நகல்.
தட்டச்சில் எல்லா 'ன'வும்
அரைப்படி மேலேறி நிற்கிறது.

ஒன்று, ஜெரால்டு ரொசாரியோ, ஜோலார்பேட்டை.
பந்து வருமுன் கம்பத்தை முத்தமிடுவான்.
இப்போது பெர்த்தில்.
ரயில் பெர்த் இல்லை, ஆஸ்திரேலியா.
மூன்றும் நான்கும் மேல்விஷாரத்து அண்ணன் தம்பி,
கலீமுல்லா, நயாஸ்.
களத்தில் உருதுவில் திட்டிக்கொள்வார்கள்,
ஏதோ வியூகம் என்று எதிரணி பின்வாங்கும்.
ஏழு, ஜலகண்டேஸ்வரன்.
பேரில்தான் தண்ணீர்,
ஓடிப் பழகியதெல்லாம் பாலாற்று மணலில்.
போன ஆடியில் மாரடைப்பு.
பதிமூன்று, பிச்சாண்டி.
முகம் வரவில்லை, எவ்வளவு யோசித்தாலும்.

ஒன்பது,
சி. ஞானசிகாமணி, பி.காம். இரண்டாம் ஆண்டு.
நான்.

நான் அன்று ஆடவில்லை.

ஆடியவன் பூங்காவனம்.
எந்தக் கல்லூரியிலும் படிக்காதவன்.
பேர்ணாம்பட்டுத் தோல் ஷாப்பில்
குரோம் தொட்டியில் நின்று நின்று
கணுக்கால்வரை நீலம் ஏறியவன்.
பி.டி. மாஸ்டர் ஆசீர்வாதம்
வெள்ளி இரவு கடைசி பஸ்ஸில் கூட்டி வந்தார்.
"உன் பேரைக் கொஞ்சம் கொடுடா" என்றார் என்னிடம்,
பேனா கேட்பதுபோல.
அந்த சீசன் முழுக்க ஒரு கோல் போடாத நான்
பூட்ஸையும் சேர்த்துக் கொடுத்தேன்.
அவனுக்கு ஒரு சைஸ் சின்னது.

பேர் உள்ளே ஓடும்போது
ஆள் வெளியே தெரியக் கூடாதாம்.
அகழி ஓரம், ஐஸ் வண்டிக்குப் பின்னால் நின்றேன்.
முடிய மூன்று நிமிடம் இருக்கையில்
முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும்
எழுந்துவிட்டார்கள்.
முதுகுகள். முதுகுகளுக்கு மேல் புழுதி.
மைக்கில் என் பேர்.
சோடாக்காரர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து
"யாருப்பா இந்த ஞானசிகாமணி!" என்றார்.
தெரியாது என்றேன்.

இடது காலால் அடித்தேன் என்று
ரயில்வே நேர்முகத்தில் சொன்னேன்.
வளைந்து போய் மூலையில் விழுந்தது என்று
பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னேன்.
ஸ்போர்ட்ஸ் கோட்டா, கறுப்புக் கோட்டு,
காட்பாடியில் குவார்ட்டர்ஸ்.
குழுப் படத்தில் ஒன்பதாம் எண் பனியனில்
நான்தான் இருக்கிறேன்,
வேர்க்காத முகத்தோடு.

தொண்ணூற்றைந்தில் ஒருநாள்
ஜோலார்பேட்டை பாசஞ்சர் குடியாத்தம் தாண்டியதும்
கதவோரம் உட்கார்ந்திருந்தவனிடம்
டிக்கெட் என்றேன்.
முதலில் பாதம்தான் கண்ணில் பட்டது.
நகங்களில் இன்னும் நீலம்.

"இல்ல சார்" என்று நிமிர்ந்தான்.
பிறகு சிரித்தான்.
அபராதப் புத்தகத்தைத் திறந்துகொண்டு
பதினொரு வருஷம் யாரிடமும் கேட்க முடியாததைக் கேட்டேன்.
அந்த கோல், எந்தக் கால்?

"காலா?
உன் பூட்ஸுல நிக்கவே முடியல.
தலையில பட்டுச்சி.
நான் கண்ண மூடிக்கினேன்."

பேர் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பூங்காவனம் என்று எழுதினேன்.
பணத்தை என் சட்டைப் பையிலிருந்து போட்டேன்.
ரசீதை எழுத்துக்கூட்டிப் படித்தான்,
இரண்டாய் மடித்துக் காதில் செருகினான்,
மேல்பட்டியில் இறங்கி
தண்டவாளத்தைத் தாண்டிப் போனான்.

நாளை சான்றிதழுக்கு மூன்று நகல் எடுக்க வேண்டும்.
இந்தத் தாளை யாரும் கேட்கவில்லை.
ஆனாலும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஒன்பதாம் வரியில் என் பேரின் நடுவே
அந்த ஒரு 'ன',
அவன் பேரிலும் உண்டு அது,
வரிசையை விட்டுத் தனியே எம்பி நிற்கிறது
பந்து இன்னும் வந்து சேராததுபோல.