சுழல்பூட்டு

பார்வதிபுரம், மூன்றாம் மாடி, விடிகாலை நாலரை.
எட்டு கோர்களில் ஏழு
ஒரே கதவைத் தட்டித் தட்டிச் சூடேறுகின்றன.
எட்டாவது உள்ளே,
பூட்டைக் கையில் பிடித்தபடி
ஒரு பக்கம் நினைவகம் கேட்டிருக்கிறது.
‘இப்போது இல்லை, பொறு.’
அப்படியே தூங்கிவிட்டது.

நான் எழுதியதுதான்.

“மியூடெக்ஸ் போட்டிரலாமே” என்கிறாள் ஷெர்லின்.
போடலாம். ஆனால் இதே வழியில்
இன்டரப்ட்டும் வரும்.
அதற்குத் தூக்கம் விதிக்கப்படவில்லை.

கீழே குலசேகரம் போகும் முதல் பஸ்.
ரப்பர் பால் வெட்டப் போகிறவர்
படியில் கால் வைக்குமுன்பே
சில்லறையை எண்ணி
உள்ளங்கையில் வைத்திருக்கிறார்.

பூட்டை மாற்றவில்லை.
பக்கத்தை முதலில் வாங்கினேன்,
பிறகு பூட்டினேன்.
இரண்டு வரிகள் இடம் மாறின, அவ்வளவுதான்.

ஷெர்லின் மேசையில் தலை சாய்த்துவிட்டாள்.
அவள் கையில் எந்தப் பூட்டும் இல்லை.
தூங்கட்டும்.