குத்தூசி

மூட்டையின் வாயைப் பார்க்காதே என்பான் அண்ணன்.
வாயில் எவனும் நல்லதைத்தான் வைப்பான்.
நடுவில் குத்து. அடியில் குத்து.
இரண்டும் ஒன்றாக இருந்தால் விலை பேசு.

முப்பத்தோரு வருடம் ஜவ்வரிசிக்குத் தரம் போட்டவன்.
உள்ளங்கையில் தேய்த்து,
நாக்கு நுனியில் நாலைந்து மணிகளை வைத்து,
மக்காச்சோள மாவு கலந்திருக்கிறதென்று
மில்காரர் முகத்துக்கு நேரே சொன்னவன்.
இப்போது சட்டைப் பித்தானை நாக்கில் வைத்துப் பார்க்கிறான்.

அதனால் நான் கிளம்பினேன்.

அஸ்தம்பட்டியில் முதல் இல்லம்.
வரவேற்பறையில் மீன்தொட்டி, ஏசி, சந்தன வாசனை.
கழிப்பறை எங்கே என்றேன்.
"விசிட்டர்ஸுக்கு இந்தப் பக்கம், மேடம்."
அவர்களுடையது, என்றேன்.
சாவி தேடப் பத்து நிமிடம் ஆனது.
கழிப்பறைக்கு எதற்குப் பூட்டு என்று கேட்கவில்லை.
இரண்டு டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு
நாலு ரோடு வரை நடந்தேன்.

இரண்டாவது ஏற்காட்டில்.
இருபது கொண்டை ஊசி வளைவு, பதினான்காவதில் வாந்தி.
சில்வர் ஓக், மிளகுக் கொடி, ஜன்னல்வரை மூடுபனி.
உள்ளே எட்டுப் பேர், ஒரே நிற ஸ்வெட்டர்,
டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.
டிவி ஓடவில்லை.
எல்லோரும் அமைதியாக இருக்கிறார்களே, என்றேன்.
மேலாளர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.
நான் போன நேரம் அப்படியோ,
சாப்பிட்ட களைப்போ,
நியாயமாக இருக்கத்தான் பார்க்கிறேன்.
ஆனால் மாத்திரை டப்பாவில்
எட்டுப் பெயருக்கும் கீழே
அதே வெள்ளை மாத்திரை.

இறங்கி வீட்டுக்கு வந்தால் அண்ணன் தெருவில் நிற்கிறான்.
பக்கத்து வீட்டு அம்மையப்பன் அவன் வேட்டியைப் பிடித்திருக்கிறார்.
"சொசைட்டிக்கு நேரமாச்சு, விடு."
நான் கத்தினேன்.
இதையும் எழுதிவிடுகிறேன்:
கையைப் பிடித்து முறுக்கி உள்ளே இழுத்தேன்.
காலையில் முழங்கைக்குக் கீழே
நாலு விரல் நீலமாக இருந்தது.
முழுக்கைச் சட்டை மாட்டிவிட்டேன்.
எந்த இல்லத்திலாவது ஒருவர் கையில்
இதைக் கண்டிருந்தால்
அடுத்த கேள்வி கேட்காமல் எழுந்து வந்திருப்பேன்.

மூன்றாவது கொண்டப்பநாயக்கன்பட்டி, மலையடிவாரம்.
ஓட்டுக் கட்டடம். சுவரில் ஓதம்.
மூத்திர வாடை லேசாக இருந்தது.
இருக்கிறதுதான் என்றார்கள்.
அண்ணனையும் கூட்டிப் போயிருந்தேன்.
பதினோரு மணிக்குப் பாயசம் வந்தது.
விரலை விட்டு நாலு மணி எடுத்தான்.
நசுக்கினான். நாக்கில் வைத்தான்.
"ரெண்டாம் தரம்."
எனக்கு உடம்பு கூசியது.
டம்ளர் கொடுத்த பெண், சகாயமேரி, நாகலூர்க்காரி,
தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.
"அப்ப மொதல் தரம் எப்படி சார் இருக்கும்?"

அண்ணன் வாய் திறந்தது, மூடியது.
ஈ ஒன்று டம்ளர் விளிம்பைச் சுற்றி வந்தது.
பதில் எனக்குத் தெரியும்,
தொண்டைவரை வந்துவிட்டது.
அவள் என் பக்கம் திரும்பவில்லை.
எண்ணினேன், ஐம்பதுவரை.
வீட்டில் நான் ஐந்தைத் தாண்டியதில்லை.

"வெந்தா," என்றான்,
"கண்ணாடியாட்டம்... அந்தப் பக்கம் தெரியோணும்."

அவள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.
தெரியலையே சார், என்று சிரித்தாள்.
அவனும் சிரித்தான், யாரென்று தெரியாமலே.

சேர்க்கைப் படிவத்தில் ஏழாவது கேள்வி:
உடலில் காயம் ஏதும் உண்டா?
நீலம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது, உண்டு என்று யாருக்கும் தெரியாது.
அவன் சட்டைப் பித்தானைக் கழற்றிக்
கையை மேலே மடித்துவிட்டேன்.
இடது முன்கை, நான்கு, என்று எழுதினேன்.
எப்படி ஏற்பட்டது என்பதற்கு
இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.