சுவரில்லாத கதவு

மே மாதம் இரண்டாம் வெள்ளி, விடியுமுன்
கொதிகலன் கொட்டகையிலிருந்து அதை வெளியே எடுப்பேன்.
ஓக் மரம். நூற்றுத் தொண்ணூறு ராத்தல்.
கீல்களுக்கு எண்ணெய் விடுவது என் பொறுப்பு.
மற்றது இறுதியாண்டுப் பிள்ளைகளின் பாடு.

ஹாலோவெல் கல்லூரியில் பட்டம் வாங்க
முந்தின நாள் இதற்குள் நுழைந்து வெளியே வரவேண்டும்.
எதற்குள்? எதற்கு வெளியே?
இந்தப் பக்கமும் புல்,
அந்தப் பக்கமும் அதே புல்,
சரிவின் அடியில் சஸ்குவெஹன்னா ஆறு.

கையேடு சொல்வது:
1908இல் விடுதி எரிந்து சுவர்கள் விழுந்தன.
கதவு மட்டும் நிலையோடு நின்றது.
மறுநாள் காலை இருபத்திரண்டு பெண்கள்
போர்வை போர்த்திக்கொண்டு சாம்பலில் நடந்து
வழக்கம்போல தட்டிவிட்டு உள்ளே போனார்களாம்.

நான் தச்சன்.
நெருப்பைப் பார்த்த மரம் எனக்குத் தெரியும்.
இதில் கரிந்த தடம் ஒன்றுகூட இல்லை.
அடி விளிம்பில் ஆலை முத்திரை: 1911.
யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.
பத்தொன்பது வருடம் யாரும் கேட்கவில்லை.

பதினெட்டில் விஷக்காய்ச்சல்.
கைப்பிடியைத் தொடப் பயந்து
ஹாக்கி மட்டையால் தள்ளிப் போனார்கள்.
அந்தக் கீறல் இருக்கிறது. அது நிஜம்.

இருபத்தாறு.
நூலக நிலவறையில், நான்காம் பெட்டியில்,
முதல்வர் ஹெஸ்டர் க்ரோய்ல் பென்சிலால் எழுதிய பட்டியல்.
முப்பத்தொரு பெயர். பிறகு ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே: லவீனியா டாலிவர்.
கணக்கில் முதலிடம்.
இங்கே படித்த முதல் கறுப்பினப் பெண்.

முப்பத்தொரு பேரும் போய்
எலுமிச்சைச் சாறு குடிக்கக் கலைந்த பிறகு
அவள் நடந்தாள்.
அந்தப் பக்கம் போய் நின்றாள். திரும்பினாள்.
சாத்தினாள்.

அதுவரை யாரும் சாத்தியதில்லை.
திறந்தே கிடக்கும்,
சாயங்காலம் வேலையாள் வந்து தூக்கிப்போவான்.
சமையற்கூடத்து பிரிஜிட் மக்கார்டில்
தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சத்தம் இருக்கிறது:
'குவளைகள் வாய்க்குப் போகாமல் நின்றன.
நான் ஒரு தட்டை உடைத்தேன்.
சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.'

அடுத்த வருடம் கடைசியாகப் போனவளும் சாத்தினாள்.
ஏன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுபதில் ஒருவரும் நுழையவில்லை.
போர் வேண்டாமென்று கதவைச் சுற்றி
மூன்று நாள் உட்கார்ந்தார்கள். மழை.
எனக்கு முன்பு இங்கே தச்சராயிருந்த கஸிமிர் வோஸ்னியாக்
தார்ப்பாய் கொண்டுவந்து கதவுக்கு மட்டும் போர்த்தினார்.
பிள்ளைகளுக்கு என்றதற்கு,
'வார்னிஷ் அடித்தது கதவுக்குத்தானே' என்றார்.
ராத்திரி சூப் அனுப்பியதும் அவர்தான் என்கிறார்கள்.

இப்போது கடைசி இடத்துக்குத்தான் அடிபிடி.
சீட்டுக் குலுக்குகிறார்கள்.
போன வருடம் அறைத்தோழிகள் இரண்டு பேர்
அதனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.
சாத்துகிறவருக்கு அன்றைக்கு 'லவீனியா' என்று பெயர்,
பையனாக இருந்தாலும்.
அது ஏதோ பூவின் பெயர் என்று
பாதிப்பேர் நினைத்திருக்கிறார்கள்.

இந்த வருடம் சீட்டு விழுந்தது டெஸ்ஸலி ஓக்வுமாவுக்கு.
நேற்று இரவு கொட்டகைக்கு வந்தாள்,
ஒத்திகை பார்க்க.
மழையில் மரம் உப்பியிருந்தது, தாழ்ப்பாள் விழவில்லை.
கதவைப் பலகைக்கால்களில் படுக்கவைத்து
பக்க விளிம்பை இழைத்தேன்.
சுருள் சுருளாய்க் காலடியில்.
அவள் சுற்றிவந்து அடி விளிம்பில் குனிந்தாள்.
கட்டைவிரலால் முத்திரையைத் தடவினாள்.

'இது எரிந்த கதவு இல்லையா?'
'இல்லை.'
'அப்போது தீயில் நின்றது?'
'தெரியாது.'

கொஞ்சநேரம் எண்களையே பார்த்தாள்.
'லவீனியா சாத்தியது இதைத்தானே?'
'இதைத்தான்.'

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்:
'மேல் கீலுக்கு எண்ணெய் விடாமல் இருக்க முடியுமா?
கொஞ்சம் கேட்கட்டும்.'

என் வேலைக்கு அது அவமானம்.
எண்ணெய்க் குப்பியைத்
திரும்ப அலமாரியில் வைத்தேன்.