இப்ப பரவால்லியா

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
அந்தப் பட்டியலில் சேர்க்க என்னிடம் ஒன்று இருக்கிறது:
பேயில்லாத பேய்க்கதை.

பாபு ராவ் தெரு லாட்ஜில் ராத்திரி மேசை எனக்கு.
ஒன்பதாம் அறையைக் காலிசெய்த போளூர்க்காரர்
ஒரு ஸ்கேன் உறை, பாதி சோப்பு, ஒரு கதைப்புத்தகம்
விட்டுப் போயிருந்தார்.
சோப்பை ரூம்பாய் எடுத்துக்கொண்டான்.
உறையைப் பத்திரப்படுத்தினேன், கேட்டு வருவார்கள்.
புத்தகத்தைப் பிரித்தபோது மணி ஒன்றரை.
வெளியே மே மாதத்துச் சுவர்கள்
பகலில் குடித்த வெயிலைத் துப்பிக்கொண்டிருந்தன.

ஐந்தே பக்கம்.
ஒரு கணக்குப்பிள்ளை. காலையில் பால்காரன் கேட்கிறான்:
'இப்ப பரவாயில்லையா சார்?'
அவருக்கு ஒன்றுமே வரவில்லை, தும்மல்கூட.
ஆள் மாறிக் கேட்டிருப்பான் என்று சிரிக்கிறார்.
பிறகு தையல்காரர்.
பிறகு பஸ் கண்டக்டர், சில்லறையை உள்ளங்கையில் வைத்து
கொஞ்சம் அழுத்தி.
பிறகு மகள், பள்ளிக்கூடம் கிளம்பும்போது
ஷூ லேஸைப் பார்த்தபடி.
யாரும் மிரட்டவில்லை. அன்பாகத்தான் கேட்கிறார்கள்.
நான்காம் பக்கத்தில் அவர்
'பரவாயில்லை' என்கிறார்.
அந்த இடத்தில் என் பின்கழுத்தில்
யாரோ ஈரத்துணி போட்டார்கள்.

ஐந்தாம் பக்கத்தில்
பழைய சட்டைப்பைகளில் மாத்திரை அட்டை தேடுகிறார்.
கிடைக்கவில்லை. ஆறுதலாக இருக்கிறது.
வேறு சட்டையில் தேடுகிறார்.
அவ்வளவுதான்.
அடுத்த தாள் கிழிந்திருக்கும் என்று
தைத்த இடத்தை விரலால் தடவினேன்.
கிழியவில்லை.
அங்கேதான் விட்டிருந்தார்கள், கதையையும் என்னையும்.

பேய் வந்திருந்தால் நிம்மதி.
பேய்க்கு வேப்பிலை உண்டு, தர்காவில் கயிறு உண்டு,
விடிந்தால் புளியமரத்துக்குப் போய்விடும்.
இது விடிந்ததும் பல் தேய்த்துக்கொண்டு
என்னோடு கிளம்பியது.

ஏனென்றால் எங்கள் ஊரில் வணக்கமே அதுதான்.
ஆஸ்பத்திரி வாசலில், ஷேர் ஆட்டோவில், மருந்துக்கடை வரிசையில்,
வங்காளத்தில், தெலுங்கில், பாஷை தெரியாதவரிடம் கையை ஆட்டி,
எல்லோரும் எல்லோரையும் கேட்பது.
இருபத்திரண்டு வருஷமாக நானும் கேட்கிறேன்
சாவி கொடுக்கும்போது, சாவி வாங்கும்போது.
பதிலை ஒருநாளும் காதில் வாங்கியதில்லை.

ஷபீர் டீயை வைத்தான்.
'இன்னா தணிகாசலம்ணா, இப்ப எப்டி கீது, பரவால்லியா?'
நேத்து எனக்கென்ன என்று திருப்பிக் கேட்டிருக்கலாம்.
கிளாசில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வீட்டில் புனிதவல்லி தட்டு வைத்தாள்,
ஒரு இட்லி குறைவாக.
'ஏன்?'
'நீதான போதும்னு சொன்ன, போன வாரம்.'
போன வாரத்தை நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தேன்.
செவ்வாய்க்கிழமையைக் காணோம்.

புத்தகத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.
பூட்டியது கதைக்கா, சாவி வைத்திருக்கிற ஆளுக்கா
என்று தெரியவில்லை.
எழுதியவர் பெயரை வேண்டுமென்றே பார்க்கவில்லை.
பார்த்தால், என்னை அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று.

வியாழக்கிழமை ராத்திரி
கோயமுத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான்,
குழாய்க் கம்பெனி விற்பனை ஆள், நல்ல தோள்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
'வியாபாரம்' என்று எழுதிக்கொண்டிருந்தான்.
ஒன்பதாம் அறைச் சாவியை நீட்டினேன்.
பழக்கம், வேறொன்றும் இல்லை:
'இப்ப பரவால்லியா?'

பேனா நின்றது.
பிறகு சிரித்தான்.
முதல் பக்கத்துச் சிரிப்பு, எனக்குத் தெரியும்.

படியேறும் சத்தம் பாதியில் நின்றது.
சட்டைப்பையைத்
தட்டிப் பார்க்கிற சத்தம்.